துப்பாக்கி வீரனும் வடிகால்காரனும்

கௌபோய் படங்களின் சூத்திரம் நமக்குப் பழகியதுதான். ஊரை அடக்கி வைத்திருக்கும் ஒரு கொள்ளைக்காரன். அவனை ஒழிக்கக் குதிரையில் வந்திறங்கும் துப்பாக்கி வீரன். இதைப் பிரித்தானியர்கள் எப்படிக் கேலி செய்தார்கள் என்பதற்கு, 1965இல் ஜெரால்ட் தோமஸ் இயக்கிய 'கெரி ஒன் கௌபோய்' நல்ல உதாரணம். அமெரிக்காவில் நடக்கும் கதை, படமாக்கியதோ இங்கிலாந்தில்.

'மார்ஷல்' என்பது அமெரிக்காவில் சட்டத்தைக் காக்கும் அதிகாரியின் பதவி. இப்படத்தில் அது வடிகால் வேலை தெரிந்த ஓர் ஆங்கிலேயனின் பெயர். பெயரைப் பதவியென்று நினைத்து, ஸ்டொட்ஜ் சிட்டி என்ற ஊரைச் 'சுத்தம் செய்ய' அவனை அனுப்பிவிடுகிறார்கள். கடைசிச் சண்டையில் அவன் தெருவுக்குக் கீழேயுள்ள வடிகாலுக்குள் இறங்குகிறான். மேன்ஹோல் மூடிகளைத் தூக்கித் தூக்கிச் சுட்டுக் கொள்ளையரை வீழ்த்துகிறான். வீரம் கைகொடுக்காத இடத்தில் தொழிலறிவு கைகொடுக்கிறது. நான் மிகவும் ரசித்த இடம் இதுதான்.

ஆனால் ஓரிடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூர்வகுடித் தலைவராக வேடம் கட்டியவர் சார்ள்ஸ் ஹோட்ரி என்ற ஆங்கில நடிகர். வெள்ளை வீரனின் பிம்பத்தை உடைத்த படம், பூர்வகுடிகளுக்கு ஹொலிவுட் போட்ட பழைய வேடத்தை மட்டும் கேள்வியின்றி எடுத்துக்கொண்டது. ஒரு கேலிப்படம் எதைக் கேலி செய்யாமல் விடுகிறது என்பதையும் நாம் கவனிக்கத்தான் வேண்டும்.