தேர்வில் தோற்ற சமையல் ராணி!

சமையலில் தோற்றவர் டிவியில் சமையல் சொல்லித்தர முடியுமா குட்டீஸ்? ஜூலியா சைல்டு செய்து காட்டினார்!

1912ல் கலிபோர்னியாவில் பிறந்தவர். உயரம் 6 அடி 2 அங்குலம்! இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க உளவுத்துறை அலுவலகப் பணிக்காக இலங்கையின் கண்டிக்கு வந்தார். அங்கே சந்தித்த பால் சைல்டை 1946ல் மணந்தார்.

பாலுக்குப் பாரிசில் அரசு வேலை. 1948ல் இருவரும் கப்பலில் பிரான்சு போய் இறங்கினர். வழியில் ரூவான் நகர உணவகத்தில் வெண்ணெயில் பொரித்த மீனைச் சாப்பிட்டார் ஜூலியா. அவ்வளவுதான், மனதைப் பறிகொடுத்துவிட்டார்! அப்போது அவருக்கு வயது 36. சமையலும் சரியாக வராது, பிரெஞ்சும் வராது.

மறு ஆண்டே, 'லே கார்தான் ப்ளூ' சமையல் பள்ளியில் சேர்ந்தார். உடன் படித்தவர்கள் அமெரிக்க முன்னாள் படைவீரர்கள். பள்ளியில் கற்றதை வீட்டில் மறுபடி சமைத்துப் பார்ப்பார். சாப்பிட வேண்டியவர், பாவம், பால்!

1951ல் தேர்வு வந்தது. கடினமான உணவுகளுக்கெல்லாம் தயாராகப் போயிருந்தார். கேட்டதோ, பள்ளியின் சிறு கையேட்டில் இருந்த எளிய வகைகள். கேரமல் கஸ்டர்டுக்கு எது எவ்வளவு என்பது நினைவில்லை. தோல்வி! (கணக்குப் பரீட்சையில் நமக்கும் நடப்பதுதானே?) கையேட்டை மனப்பாடம் செய்து, மீண்டும் எழுதித் தேறினார்.

பிரெஞ்சுத் தோழிகள் இருவரோடு சேர்ந்து எழுதிய தடிமனான சமையல் புத்தகம் 1961ல் வெளியானது. 1963ல் டிவி நிகழ்ச்சி. ஒருமுறை, வாணலியைத் தூக்கிப்போட்டுத் திருப்பிய உருளைக்கிழங்கு அடை கொஞ்சம் வெளியே சிதறியது. அள்ளி உள்ளே போட்டுவிட்டு, 'தனியாகச் சமைக்கும்போது யார் பார்க்கப் போகிறார்கள்' என்றாரே பார்க்கலாம்!

2004ல் மறைந்தார். அவரது உயரத்துக்கு ஏற்ப, மேடையை உயர்த்திப் பால் அமைத்துக் கொடுத்த சமையலறை, வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.