மனசைப் படிக்கப் போகிறாள் மகள்!

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை! மனோதத்துவம் ஞாபகம் வந்திராது. ஆனால் ஊரை அடுத்த நொச்சி ஓடைப்பட்டியில், அந்தப் படிப்புக்குப் பெயர் பெற்ற 'அனுகிரகா' என்ற ஸ்தாபனம் இருக்கிறது. அதை நடத்துகிறவர்கள் கப்புச்சின் சபைத் துறவிகள். அந்தச் சபையைச் சேர்ந்த ஜான் அந்தோணி அடிகளார், மனம் நொந்து வருகிறவருக்கு எப்படிக் காது கொடுப்பது என்பது பற்றிப் புத்தகங்களே எழுதியிருக்கிறார்.

"சாமியாருக்கும் சைக்காலஜிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில் இதே கேள்வி எழுந்தது. பிளஸ் டூ முடித்த பெண் மனோதத்துவம் படிக்கப் போவதாகச் சொன்னதும், அப்பத்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மனசு சரியில்லேன்னா முழங்கால் போட்டு ஜெபம் பண்ணணும். அதை விட்டுட்டு இது என்ன படிப்பு? படிச்சு முடிச்சதும் சாமியே இல்லேன்னு சொல்லப் போறே!"

அப்பத்தாவின் பயத்தை அசட்டை செய்துவிடாதீர்கள். மத நம்பிக்கை ஒரு மாயை என்று 1927-இல் புத்தகமே எழுதியவர் ஃபிராய்டு. மனோதத்துவ வகுப்பில் அவரைச் சந்திக்காமல் தப்ப முடியாது. ஆனால் அதே வகுப்பில் வில்லியம் ஜேம்ஸையும் சந்திக்கலாம். பக்தர்களின் அநுபவங்களை மரியாதையோடு ஆராய்ந்து 1902-இல் நூல் வெளியிட்டவர் அவர். கார்ல் ரோஜர்ஸ் கதை இன்னும் சுவாரஸ்யமானது. 1924-இல் நியூயார்க்கில் வேத சாஸ்திரம் படிக்கச் சேர்ந்தவர், பாதியில் மனோதத்துவத்துக்கு மாறினார். எதிரே இருப்பவரைக் குற்றம் சொல்லாமல் கேட்பதே பாதி மருந்து என்பது அவர் கொள்கை.

மூன்று வருஷத்தில் பெண் என்னதான் படிப்பாள்? பிறர் மனசில் இருப்பதைக் கண்டுபிடிக்கும் ஜோசியம் அல்ல. ஞாபகம், கவனம், உணர்ச்சி, குழந்தை வளர்ச்சி, மனநோய், இவற்றோடு கொஞ்சம் புள்ளிவிவரக் கணக்கு. பரிசோதனைகளும் உண்டு. கண்ணாடியில் தெரியும் நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டே அதன் கோட்டின்மேல் பென்சிலை ஓட்டச் சொல்வார்கள். கை எதிர்ப்பக்கம் ஓடும். பழகப் பழகத் தவறு குறையும். பழக்கம் எப்படி உண்டாகிறது என்பதற்கு அதுவே பாடம்.

கிறிஸ்தவ மாணவிக்கு இன்னொரு பாடமும் காத்திருக்கிறது: எது பாவம், எது நோய் என்று பிரித்தறிவது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எக்காரணம் கொண்டும் வெளியே சொல்லக் கூடாது. ஆலோசகரும் ரகசியம் காப்பவர்தான். ஆனால் ஓர் உயிருக்கு ஆபத்து என்றால் உரியவர்களிடம் சொல்லியாக வேண்டும். முன்னது மன்னிப்புக்கான இடம், பின்னது சிகிச்சைக்கான இடம். இரண்டையும் குழப்பினால் நஷ்டம் நோயாளிக்குத்தான். தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் வாடுகிற பெண்ணைப் பார்த்து, "உனக்கு விசுவாசம் போதாது" என்று சொல்லிவிடுகிறோம். நோயோடு குற்ற உணர்ச்சியையும் அவள் தலையில் ஏற்றிவிடுகிறோம்!

இந்த அறியாமை எல்லா மதத்தாரிடமும் உண்டு. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநோயாளர் விடுதி ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் வெந்தார்கள். மாண்டவர் 28 பேர். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ஆம் வருஷத்துச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் வந்தால் போதுமா? வீட்டில் உள்ளவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டாமா?

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. இளங்கலைப் பட்டம் வாங்கியதுமே சிகிச்சை செய்யக் கிளம்பிவிட முடியாது. அதற்கு மேற்படிப்பும் பயிற்சியும் வேண்டும். மருந்து எழுதித் தருவது மனநல டாக்டரின் வேலை.

அப்பத்தா கதை என்ன ஆயிற்று என்கிறீர்களா? பேத்தி வாதாடவில்லை. "எலியா தீர்க்கதரிசி செத்துப் போனால் தேவலை என்று வனாந்தரத்தில் படுத்தாரே, தேவதூதன் அவரைத் திட்டினானா அப்பத்தா?" என்று மட்டும் கேட்டாள்.

கிழவி யோசித்தாள். "இல்லே. தட்டி எழுப்பி அப்பமும் தண்ணியும் கொடுத்தான். திரும்பத் தூங்கவிட்டு, மறுபடியும் சாப்பிடச் சொன்னான்."

"அதைத்தான் படிக்கப் போகிறேன்."

அப்பத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, போய்ச் சேரு. ஆனா ஞாயித்துக்கிழமைப் பூசையை மட்டும் விட்டுடாதே!" என்றாள்.