சேறு சொல்லும் மழைக்கணக்கு

வடமாலபேட்டைப் பக்கத்து ஏரி வண்டலைத் தோண்டி, பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய மழையைக் கணிக்க முடியுமா? முடியாது. கோடையில் தரை வெடிக்கும் ஏரியில் காற்று புகுந்து, அக்காலச் செடிகளைக் காட்டிக்கொடுக்கும் மகரந்தத்தைச் சிதைத்துவிடும். தூர்வாரினால் அடுக்கும் கலையும். ஆண்டு முழுதும் நனைந்தே கிடக்கும் சேறு வேண்டும். நீலகிரியின் சாண்டிநல்லா போன்ற சதுப்புகளில் அது இருக்கிறது. சதுப்பு ஓர் ஊறுகாய் ஜாடி: மேலே நிற்கும் நீர் எண்ணெயைப் போலக் காற்றைத் தடுக்கிறது, அமிலம் கிருமிகளை அடக்குகிறது, அடியில் கிடப்பதே பழையது. வாய்க்கால் வெட்டுவது அதற்குள் ஈரக் கரண்டியை விடுவதற்குச் சமம்.

மகரந்தத்தை அடுக்கடுக்காக எண்ணும் முறையை 1916-இல் சுவீடனின் லென்னார்ட் வான் போஸ்ட் முன்வைத்தார். இங்கே லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம் அதை வளர்த்தது. மணலையே கரைக்கும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்துக்கும் மகரந்தத்தின் ஓடு அசையாது. ஆனால் புல் விஷயத்தில் அது கைவிடுகிறது. எந்தப் புல்லின் மகரந்தமானாலும் ஒற்றைத் துளையுள்ள வழவழப்பான உருண்டைதான். சோலையும் புல்வெளியுமான நீலகிரியில் புல் பெருகியது தெரியும். எந்தப் புல் என்பது தெரியாது.

அந்த இடத்தில்தான் கார்பன் பேசுகிறது. நெல்லும் சோலை மரங்களும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும்போது கனமான கார்பன்-13-ஐப் பெரிதும் ஒதுக்குகின்றன. சோளம், கேழ்வரகு போன்ற வெப்பநிலப் புற்கள் வேறொரு நொதியைக் கொண்டு கார்பனைப் பிடிப்பதால் அவ்வளவு ஒதுக்குவதில்லை. செடி மக்கிய பிறகும் அந்த விகிதம் சேற்றில் ஏறக்குறைய அப்படியே தங்கும். வெப்பநிலப் புல்லின் விகிதம் மிகுந்தால் வறட்சி, குறைந்தால் நல்ல மழை என்று கொள்ளலாம். 1993-இல் ஆய்வாளர்கள் சுகுமார், ரமேஷ் உள்ளிட்டோர் இப்படித்தான் நீலகிரியின் சுமார் இருபதாயிரம் ஆண்டு வரலாற்றை 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: பனியுகத்தில் வறட்சி, பின்பு நல்ல மழை, சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் மீண்டும் வறட்சி.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. பனியுகக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 190 பங்கு அளவே இருந்தது. அந்தக் குறைவே, மழை குறையாவிட்டாலும், வெப்பநிலப் புல்லுக்குச் சாதகம். ஆகவே பனியுக வறட்சிக்குச் சதுப்பை மட்டும் சாட்சியாக நிறுத்த முடியாது. அரபிக்கடல் வண்டலும் அப்போது தென்மேற்குப் பருவமழை தளர்ந்ததைக் காட்டுவதால்தான் அதை நம்பலாம். 5,000 ஆண்டுக்கு முந்தைய வறட்சிக்கு இந்த மறுப்பு பொருந்தாது. தொழிற்புரட்சிக்கு முந்தைய பத்தாயிரம் ஆண்டுகளில் அந்த வாயு 260-க்கும் 280-க்கும் இடையில்தான் நின்றது.

ஆனாலும் ஒரு மலைச் சதுப்பைக் கொண்டு "தென்னிந்தியாவே வறண்டது" என்று தலைப்புப் போடுவது அறிவியல் ஆகாது. நீலகிரிச் சேறு பெரிதும் தென்மேற்குப் பருவமழையின் கணக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையையும் நம்பியிருக்கும் கீழைச் சமவெளிக்கு அங்கேயே எப்போதும் நனைந்து கிடக்கும் வண்டலைத்தான் தேடிப் படித்தாக வேண்டும்.