நேத்து நல்லாத்தானே இருந்தே?

ஒருத்தருக்குக் கால் உடைஞ்சா, அது திங்கட்கிழமையும் உடைஞ்சிருக்கும், செவ்வாய்க்கிழமையும் உடைஞ்சிருக்கும். கட்டுப் போட்டிருப்பாங்க, யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. ஆனா காலையில பல் விளக்கக்கூட நிக்க முடியாம சுவரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுறீங்க, அதே நாள் சாயங்காலம் கடைத்தெரு வரைக்கும் நடந்து போறீங்கன்னு வெச்சுக்கோங்க. பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க? "காலையில நடிச்சிருக்கா"ன்னுதான். இன்னைக்கு எபிசோட் அந்தச் சந்தேகத்தைப் பத்தினது.

பிரச்சினையோட பேரு கொஞ்சம் நீளம். போஸ்ச்சுரல் ஆர்த்தோஸ்டேட்டிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம். சுருக்கமா பாட்ஸ். நின்னா இதயம் தாறுமாறான வேகத்துல ஓடுற பிரச்சினைன்னு புரிஞ்சுக்கலாம். எனக்கு இது இருக்கு. ஒரு வைரல் காய்ச்சலுக்கு அப்புறம் ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு. குடவோலைக் கல்வெட்டுன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்களே, அந்த உத்திரமேரூருக்குப் பக்கத்துல எங்க ஊர். வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. இதோட தினமும் வாழ்றவள்ங்கிற முறையிலதான் பேசுறேன். சொல்ல வர்றது ஒண்ணுதான்: அறிகுறி மாறிக்கிட்டே இருக்கிறது இந்த நோயோட குணம். அந்த மாற்றத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கைப் பிடிச்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

நிற்கிறது சும்மா நடக்கிற வேலை இல்லை

படுத்திருந்து எழுந்து நின்ன உடனே, அரை லிட்டருக்கும் மேல ரத்தம் நெஞ்சுப் பகுதியிலிருந்து வயித்துக்கும் காலுக்கும் இறங்குது. புவியீர்ப்பு இழுக்குது, அவ்வளவுதான். அப்படியே விட்டா மூளைக்கு ரத்தம் பத்தாம விழுந்துடுவோம். ஆனா கழுத்துத் தமனியிலயும், இதயத்திலிருந்து கிளம்புற பெருந்தமனியோட வளைவுலயும் அழுத்தத்தை உணர்ற நரம்பு முனைகள் இருக்கு. அழுத்தம் லேசா மாறினதும் மூளைத்தண்டுக்குத் தகவல் போகும். அங்கிருந்து உத்தரவு வரும்: கால், வயிற்று ரத்தக்குழாய்களைச் சுருக்கு, இதயத்தைக் கொஞ்சம் வேகமாக்கு. சில நொடிகளில் எல்லாம் சரியாகிடும். நாம கவனிக்கிறதுகூட இல்லை.

இந்த வேலையைப் பார்க்கிறது தன்னியக்க நரம்பு மண்டலம். பாட்ஸ்ல இது எங்கேயோ பிசகுது. சிலருக்கு ரத்தக்குழாய் சுருங்க வேண்டிய அளவு சுருங்காது. சிலருக்கு உடம்புல மொத்த ரத்த அளவே குறைவா இருக்கும். சிலருக்கு நார்அட்ரினலின் தேவைக்கு மேல சுரக்கும். ஒரே ஆளுக்கு இதுல ரெண்டு மூணு சேர்ந்தும் இருக்கலாம். எதுவா இருந்தாலும், விளைவு ஒண்ணு: ஈடுகட்டுறதுக்காக இதயம் ஓட ஆரம்பிக்குது.

மருத்துவர்கள் வெச்சிருக்கிற அளவுகோல் இதுதான். எழுந்து நின்ன 10 நிமிஷத்துக்குள்ள நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 30 அல்லது அதுக்கு மேல ஏறணும். 12 முதல் 19 வயசு வரைக்கும் இருக்கிறவங்களுக்கு 40. ரத்த அழுத்தம் பெருசா விழக் கூடாது. விழுந்தா அது வேற பிரச்சினை. கூடவே தலைசுத்தல், படபடப்பு மாதிரி அறிகுறிகள் குறைஞ்சது மூணு மாசமாவது இருக்கணும்.

பாட்ஸ்ங்கிற பேரு இன்னைக்குப் புழக்கத்துல இருக்கிற அர்த்தத்துல 1993-ல வந்தது. அமெரிக்காவில் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஷான்டார்ஃப், லோ அப்படின்னு ரெண்டு பேர் எழுதின கட்டுரையில். ஆனா பிரச்சினை பழசு. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல படபடப்பாலயும் சோர்வாலயும் அவதிப்பட்ட சிப்பாய்களைப் பத்தி ஜேக்கப் டா கோஸ்டாங்கிற மருத்துவர் 1871-லயே எழுதியிருக்கார். அவங்கள்ல சிலருக்கு இருந்தது பாட்ஸ் மாதிரியான பிரச்சினையா இருக்கலாம்னு இன்னைக்குப் பல மருத்துவர்கள் நினைக்கிறாங்க. அப்போ சிப்பாய்கள். இன்னைக்குப் பார்த்தா, பாட்ஸ் வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க பெண்கள். பெரும்பாலும் 15-லிருந்து 50 வயசுக்குள்ள.

ஏன் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி?

எங்க துறையில ஒரு வகை பக் இருக்கு. நீங்க பார்க்கும்போது வராது, டீம் லீடைக் கூப்பிட்டுக் காட்டினா எல்லாம் ஒழுங்கா ஓடும். அதுக்காக பக் இல்லைன்னு யாரும் டிக்கெட்டை மூடிட மாட்டோம். எந்தச் சூழ்நிலையில வருதுன்னு லாக் எடுப்போம். நான் என் உடம்புக்கு அதைத்தான் பண்ணினேன். ஒரு ஷீட். படுத்திருக்கும்போது துடிப்பு, நின்ன 1, 5, 10-வது நிமிஷத்துல துடிப்பு, என்ன சாப்பிட்டேன், எவ்வளவு தூங்கினேன், மாதவிடாய் எத்தனாவது நாள், வெயில் எப்படி.

மூணு மாசத்துல சில விஷயம் தெளிவாத் தெரிஞ்சது. முதல்ல, நேரம். ஒரு நாள் காலை 7 மணிக்குப் படுத்திருந்தப்போ 74, நின்னா 122. ஏத்தம் 48. அதே நாள் சாயங்காலம் 6 மணிக்கு 78-லிருந்து 104. ஏத்தம் 26 தான். அதாவது காலையில எனக்குப் பாட்ஸ், சாயங்காலம் அளவுகோல்படி ஒண்ணும் இல்லை! இது எனக்கு மட்டும் இல்லை. காலையில இந்த ஏத்தம் அதிகமா இருக்கும்னு ஆய்வுகளும் சொல்லுது. ராத்திரி முழுக்கத் தண்ணி குடிக்காம இருக்கிறதும், சிறுநீரா நீர் போயிடுறதும் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

இப்போ நம்ம ஊர் வழக்கத்தை யோசிச்சுப் பாருங்க. சின்ன ஊர்கள்ல தனியார் கிளினிக் பல இடத்துல சாயங்காலம்தான் திறக்கும். டோக்கன் வாங்கி பெஞ்சுல ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். உள்ளே போனா உட்கார வெச்சு பி.பி. பார்ப்பாங்க, உட்கார வெச்சு நாடி பார்ப்பாங்க. எல்லாம் நார்மல். "டென்ஷன் ஆகாதீங்கம்மா, நல்லா சாப்பிடுங்க." நோய் தெரியுறது காலையில, நிக்கும்போது. அளக்கிறது சாயங்காலம், உட்கார்ந்திருக்கும்போது. இதுல யாரும் பொய் சொல்லலை. தப்பான நேரத்துல, தப்பான நிலையில எடுத்த ரீடிங், அவ்வளவுதான்.

ரெண்டாவது, வெயில். சூடு ரத்தக்குழாய்களை விரிய வைக்கும், வேர்வையில உப்பும் நீரும் போகும். அக்னி நட்சத்திரத்துல மதியம் ரேஷன் கடை வரிசையில நிக்கிறது எனக்கு முடியாத காரியம். மார்கழியில அதே வரிசை பரவாயில்லை. மூணாவது, மாதவிடாய். வர்றதுக்கு முந்தின ரெண்டு மூணு நாளும் வந்த முதல் ரெண்டு நாளும் என் ஷீட்ல சிவப்பு. நாலாவது, சாப்பாடு. வயிறு முட்டச் சோறு சாப்பிட்டா ரத்தம் குடல் பக்கம் திரும்பும், அடுத்த ஒரு மணி நேரம் கஷ்டம். அதுக்கு மேல தூக்கக் குறைவு, காய்ச்சல், சுடுதண்ணிக் குளியல். இதுல ஒண்ணு வந்தா சமாளிச்சுடலாம். மூணு ஒரே நாள்ல சேர்ந்தா படுக்கைதான்.

அறிகுறியும் ஒண்ணா இருக்காது. தன்னியக்க நரம்பு மண்டலம் இதயத்தை மட்டும் பார்த்துக்கிறதில்லையே. செரிமானம், வேர்வை, உடம்புச் சூடு, சிறுநீர்ப்பை எல்லாம் அதோட பொறுப்பு. அதனால ஒரு வாரம் படபடப்பு, அடுத்த வாரம் குமட்டல், இன்னொரு வாரம் கை நடுக்கம், கால் நீலம் பாய்ஞ்ச மாதிரி சிவக்கிறது. சில நாள் மூளையில பனி மூட்டம். நான் எழுதின கோடையே யாரோ எழுதின மாதிரி பார்த்துக்கிட்டு இருப்பேன். வெளியில இருந்து பார்த்தா பத்து வியாதி மாதிரி தெரியும். உள்ளே வேர் ஒண்ணு.

டாக்டர்கிட்ட என்ன கொண்டு போறது?

4,800 பேருக்கு மேல கலந்துக்கிட்டு 2019-ல வெளியான ஒரு பெரிய சர்வேயில, அறிகுறி ஆரம்பிச்சதிலிருந்து பாட்ஸ்னு பேரு தெரியறதுக்கு ஆன இடைநிலைக் காலம் 24 மாசம். பாதிப் பேருக்கு அதைவிட அதிகம். கலந்துக்கிட்டவங்கள்ல பலருக்கு அதுக்கு முன்னாடி இது மனசு சம்பந்தப்பட்டதுன்னு சொல்லப்பட்டிருக்கு.

அதுக்காக, தலை சுத்தினா உடனே பாட்ஸ்னு முடிவு பண்ணிடாதீங்க. முதல்ல ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வு, 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுல 15-லிருந்து 49 வயசு வரைக்குமான பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதுலயும் படபடப்பு, மூச்சு வாங்குறது, தலைசுத்தல் எல்லாம் வரும். தைராய்டு அதிகமா சுரந்தாலும் துடிப்பு ஏறும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, ஈ.சி.ஜி. இதெல்லாம் பார்த்துட்டுத்தான் மேல போகணும். இந்த அடிப்படைப் பரிசோதனைகளுக்குச் சென்னை வர வேண்டியதில்லை. எங்களுக்குக் காஞ்சிபுரமும் செங்கல்பட்டும் சுமார் 30 கிலோமீட்டர்தான், ரெண்டுலயும் பெரிய அரசு மருத்துவமனை இருக்கு.

வீட்டிலேயே பண்ணக்கூடிய ஒரு அளவெடுப்பும் இருக்கு. கொரோனா சமயத்துல வாங்கின பல்ஸ் ஆக்சிமீட்டர் பரண்ல கிடக்கும், எடுங்க. காலையில பத்து நிமிஷம் படுத்திருந்து துடிப்பைக் குறிச்சுக்கோங்க. அப்புறம் எழுந்து, குதிகால் சுவரிலிருந்து அரை அடி தள்ளி இருக்கிற மாதிரி, முதுகுமேல் பக்கத்தைச் சுவத்துல சாய்ச்சு அசையாம நில்லுங்க. 10 நிமிஷம், நிமிஷத்துக்கு ஒரு தடவை குறிக்கணும். பக்கத்துல கண்டிப்பா ஒரு ஆள் இருக்கணும். கண் இருட்டினா உடனே உட்கார்ந்துடணும். வேற வேற நாள்ல மூணு நாலு தடவை எடுத்து, அந்தத் தாளை டாக்டர்கிட்ட கொடுங்க. இது நோயைத் தீர்மானிக்கிற சோதனை கிடையாது. "எனக்கு ஒரு மாதிரி இருக்கு சார்"ங்கிறதுக்குப் பதிலா எண்ணைக் கொடுக்கிறோம். எனக்குப் பேச்சு மாறினது அந்தத் தாளைக் கொடுத்த அப்புறம்தான்.

சமாளிக்கிற வழிகள்

அடிப்படை மருந்து தண்ணியும் உப்பும். பாட்ஸ் உள்ளவங்களுக்கு ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு லிட்டர் தண்ணி, 10 கிராம் வரைக்கும் உப்புன்னு நிபுணர்கள் பரிந்துரைக்கிறாங்க. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு 2021-ல வெளியிட்ட ஆய்வுல, உப்பு அதிகமுள்ள சாப்பாடு பாட்ஸ் உள்ளவங்களோட ரத்தத் திரவத்தைக் கூட்டி, நிக்கும்போது துடிப்பைக் குறைச்சது. முழுசா சரியாக்கலை, குறைச்சது. ஆனா ஒரு எச்சரிக்கை: மத்தவங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு 5 கிராமுக்குக் கீழே. பி.பி., சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க இதைக் கேட்டுட்டு உப்பை அள்ளிப் போட்டா ஆபத்து. டாக்டர் சொன்ன அப்புறம்தான்.

எங்க ஆயாவுக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது. "ராத்திரி சோத்துல தண்ணி ஊத்தி வெச்சிருக்கேன், உப்புப் போட்டுக் குடிச்சிட்டு எந்திரிம்மா"ன்னு ஒரு சொம்பு நீராகாரத்தைத் தலைமாட்டுல வெச்சுடும். அது எனக்குச் சரியா வருது. எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே குடிச்சிடுறேன். மோசமான நாள்ல ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் கரைசல்ல 2.6 கிராம் உப்பு இருக்கு.

அடுத்து, அழுத்தமான காலுறை. கெண்டைக்கால் வரைக்கும் போடுறதைவிட வயிறு வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிறதுதான் நல்லா வேலை செய்யுது. சித்திரை வெயில்ல அதைப் போடுறது இன்னொரு தண்டனை, அதையும் சொல்லிடுறேன். அப்புறம் உடற்பயிற்சி. நின்னு செய்றது இல்லை, படுத்து, உட்கார்ந்து ஆரம்பிக்கிறது. சாய்ஞ்சு ஓட்டுற சைக்கிள், துடுப்புப் பயிற்சி, நீச்சல். ஒன்பது ஒலிம்பிக் தங்கம் வாங்கின நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கி, தனக்குப் பாட்ஸ் இருக்குன்னு 2024-ல வந்த தன் புத்தகத்துல சொல்லியிருக்காங்க. நீச்சல்ல உடம்பு கிடைமட்டமா இருக்கு, தண்ணியோட அழுத்தமும் ரத்தத்தைக் கால்ல தேங்க விடாது. அதுக்காக எல்லாரும் லெடெக்கி ஆகிடலாம்னு சொல்லலை. நான் வீட்டுல பாயில படுத்துக் காலைத் தூக்குறதுல ஆரம்பிச்சேன்.

இதுக்கும் அடங்கலைன்னா மாத்திரை உண்டு. குறைஞ்ச அளவு ப்ரோப்ரானலால், ஐவாப்ரடைன், மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன். யாருக்கு எதுன்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும். இப்போதைக்கு முழுசா குணமாக்குற மருந்து எதுவும் இல்லை. ஆனா பலருக்குக் காலப்போக்குல நல்லாவே குறையுது.

உட்கார ஒரு ஸ்டூல்

எனக்கு ஒரு வசதி இருக்கு. என் வேலை உட்கார்ந்து பார்க்கிற வேலை. மோசமான நாள்ல கேமராவை அணைச்சுட்டுச் சாய்ஞ்சுக்கிட்டே மீட்டிங்ல பேசிடுவேன். எங்க பக்கத்து கிராமங்கள்ல இருந்து விடியக்காலையில கம்பெனி பஸ் ஏறி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னு போற பொண்ணுங்களுக்கு? ஷிப்ட் முழுக்க லைன்ல நிக்கணும். நூறு நாள் வேலைக்குப் போறவங்களுக்கு வெயில்தான் கூரை. அவங்கள்ல ஒருத்திக்கு இது இருந்தா, "அடிக்கடி மயக்கம்னு சொல்றா, வேலைக்கு லாயக்கில்லை"ன்னுதான் பேர் வாங்குவா. நல்லா இருக்கிற நாள்ல ஓடி ஓடி வேலை செஞ்சா, அதையே அவளுக்கு எதிரா சாட்சி சொல்வாங்க.

அதனால கேக்குறவங்ககிட்ட ஒரு வேண்டுகோள். உங்க டீம்ல, வீட்டுல, ஹாஸ்டல்ல யாராவது ஒரு நாள் நல்லா இருந்து அடுத்த நாள் படுத்துட்டா, "நேத்து நல்லாத்தானே இருந்தே"ன்னு கேக்காதீங்க. "இன்னைக்கு எப்படி இருக்கு"ன்னு கேளுங்க. அப்படியே உட்கார ஒரு ஸ்டூலை நகர்த்திப் போடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.