ஆறாத வோர்ட், கழுவிய கேன்
ஆஸ்திரேலியாவில் வீட்டில் பியர் காய்ச்சும் பலர், தண்ணீரை மிச்சப்படுத்த, வோர்ட் எனப்படும் மால்ட் சாற்றைக் கொதிக்கக் கொதிக்க பிளாஸ்டிக் கேனில் நிரப்பி, காற்றைப் பிதுக்கி மூடிவிடுகிறார்கள். அந்தச் சூடே உட்புறக் கிருமிகளைக் கொல்லும். மூடியிலும் சூடு பட கேனைச் சாய்த்து வைப்பார்கள். அப்படியானால் கேனை முதலில் கழுவுவானேன்? ஒட்டிய அழுக்குக்குள் சூடு சரியாக இறங்காது. தவிர, ஆறிய சாறு பிறகு தொடும் குழாயையும் நொதிகலனையும் காக்கச் சூடு மிச்சமிருக்காது; அவற்றுக்குக் கிருமிநாசினிதான். பிளாஸ்டிக் உருகாதா என்றால், எச்டிபிஇ வகை உருக ஏறக்குறைய 130 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனாலும் மெல்லிய கேன் நெளிந்து கொட்டினால் தோல் வெந்துவிடும்.

இந்த முறைக்கு எதிரான கனமான ஆட்சேபம் பொட்டுலிசம் என்னும் நச்சுநோய். அதை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநிலையிலும் பிழைக்கும். அவை முளைப்பதைத் தடுக்க, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 4.6-க்குக் கீழே இருக்க வேண்டும், வோர்ட்டுக்கோ 5-க்கு மேல். மாதக்கணக்கில் சேமிப்பதை இங்கே ஆதரிக்க முடியாது. ஆறிய மறுநாளே ஈஸ்டைச் சேர்த்துவிடுங்கள்.