தலைச்சனுக்குப் பின்

குப்புசாமி, பிச்சை என்னும் பெயர்களைக் கேட்டிராத தமிழர் இரார். முன் பிறந்த மக்கள் தங்காமற்போன வீட்டில் ஒரு குழந்தை பிழைத்துவிட்டால், அதைக் குப்பையிலே புரட்டி எடுத்தும், பிச்சையாகப் பெற்றதாகப் பாவனை செய்தும் இப்பெயர்களைச் சூட்டுவது நம்மவர் வழக்கம். அந்த வழக்கத்தில் பெற்றோரின் அச்சம் தெரிகிறதேயன்றி, முன்னவை இறந்த காரணம் தெரிவதில்லை. காரணங்கள் பல, ஆயினும் அவற்றுள் ஒன்று மிக விசித்திரமானது. தலைச்சன் குழந்தை நோய் நொடியின்றி வளரும். அதே தாய்க்கு அடுத்துப் பிறப்பது, பிறந்த அன்றே மஞ்சள் பூத்து வாடும். அதற்கடுத்தது வயிற்றிலேயே மாண்டுபோகும். பழியெல்லாம் அந்தத் தாயின் ராசிமேல் விழும். ராசிக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை. ரத்தத்தில் உள்ள ஒரு சிறு வேற்றுமையே காரணம் என்பது தெளிவாகி எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது.

1937-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தில் ஒரு பெண்மணிக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. பின்னர் அவளுக்கு ரத்தம் செலுத்த நேர்ந்தது. தம்பதிகள் இருவரும் ‘ஓ’ பிரிவினராதலால், கணவனுடைய ரத்தத்தையே செலுத்தினர். அப்படியும் அவளுக்கு நடுக்கமும் வலியும் கண்டன. பிலிப் லெவின் என்னும் நிபுணர் அவளுடைய ரத்தத்தின் தெளிநீரை, அதே ‘ஓ’ பிரிவைச் சேர்ந்த 104 பேருடைய ரத்தத்தோடு கலந்து பார்த்தார். 80 பேருடைய ரத்தம் திரண்டு போயிற்று! தந்தையிடமிருந்து குழந்தைக்கு வந்த ஏதோ ஒரு பொருள் தாயின் உடலில் பகையை மூட்டியிருக்கவேண்டும் என்று லெவினும் ஸ்டெட்சனும் 1939-இல் எழுதினார்கள். மறு ஆண்டில் லாண்ட்ஸ்டைனரும் வீனரும், ‘ரீசஸ்’ என்னும் குரங்கின் ரத்தத்தைக் கொண்டு செய்த சோதனைகளின் வாயிலாக அப்பொருளுக்கு ‘ஆர்.எச்.’ என்ற பெயரை அளித்தனர். அது உள்ள ரத்தம் பாசிடிவ், இல்லாதது நெகடிவ். ஐரோப்பியரில் நூற்றுக்குச் சுமார் 15 பேரும், நம் நாட்டவரில் நூற்றுக்குச் சுமார் 5 பேரும் நெகடிவ் ரத்தம் உடையவர்கள். இது நோயன்று, குறையுமன்று. சிலருக்குச் சுருட்டை முடி அமைவது போன்ற பிறவி அமைப்பே.

அப்படியானால் தீங்கு எங்கே நேருகிறது? தாய் நெகடிவாகவும் தந்தை பாசிடிவாகவும் இருந்தால், குழந்தை பாசிடிவாக அமையக்கூடும். கர்ப்ப காலத்தில் தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் பெரும்பாலும் கலப்பதில்லை. பிரசவத்தில் நஞ்சுக்கொடி பிரியும்போதுதான் குழந்தையின் ரத்தம் சிறிதளவு தாயின் உடலில் புகுகிறது. தாயின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி, அதை அழிக்கும் எதிர்ப்பொருளை ஆக்கக் கற்றுக்கொள்கிறது. இந்தப் பாடம் நிதானமாக நடப்பது. அது முடியுமுன் தலைச்சன் பிறந்து தொட்டிலில் உறங்குகிறது. ஆனால் ஒரு முறை கற்ற பாடத்தை உடல் மறப்பதேயில்லை. அடுத்த குழந்தையும் பாசிடிவாக இருந்தால், எதிர்ப்பொருள் விரைந்து பெருகி, நஞ்சுக்கொடியைக் கடந்து சென்று, சிசுவின் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. சிசுவுக்குச் சோகை உண்டாகிறது. உடல் நீர்கோத்து வீங்குகிறது. பிறந்தபின் மஞ்சள் நிறப்பொருள் மூளையில் ஏறினால், உயிர் தப்பினும் செவிப்புலனும் கைகால்களின் இயக்கமும் கெடலாம்.

இப்பாடத்தைத் தொடங்குமுன்பே தடுக்கும் வழியை 1960-க்குப் பின் இரண்டு நகரங்களில் தனித்தனியே கண்டனர். நியூயார்க்கில் ஃப்ரெடா, கோர்மன், பாலக் என்னும் மூவர். இங்கிலாந்தில் லிவர்ப்பூல் நகரத்து வைத்தியர் ஸிரில் கிளார்க்கும் அவருடைய துணைவர் ரொனால்ட் ஃபின்னும். வண்ணத்துப்பூச்சிகளின் சிறகுக் கோலம் தலைமுறை தலைமுறையாக எவ்வாறு இறங்குகிறது என்று ஆராய்ந்தவர் கிளார்க். அந்த ஈடுபாடே அவரை மனித ரத்தத்தின் பரம்பரைக்கு அழைத்து வந்தது. எந்த எதிர்ப்பொருளுக்கு அஞ்சுகிறோமோ, அதையே தாய்க்குச் சிறிது கொடுத்துவிடலாமே என்று, ஓர் இரவு அவரை எழுப்பிச் சொன்னவர் அவருடைய மனைவி! யோசனை பலித்தது. வெளியிலிருந்து செலுத்திய எதிர்ப்பொருள், குழந்தையின் அணுக்களைத் தாயின் உடல் அறிந்துகொள்ளுமுன் அகற்றிவிடுகிறது. சில மாதங்களில் தானும் மறைந்துபோகிறது. ‘ஆன்டி-டி’ என்னும் இவ்வூசி மருந்துக்கு அமெரிக்காவில் 1968-இல் அனுமதி கிடைத்தது. ஊசி இல்லாத காலத்தில், பாசிடிவ் குழந்தையைப் பெற்ற நெகடிவ் தாய்மாரில் நூற்றுக்குச் சுமார் 16 பேரிடம் பகை மூண்டது. பிரசவத்துக்குப் பின் ஊசி போட்டால் அது 2-க்கும் கீழே இறங்கும். கர்ப்பத்திலும் போட்டால் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டாகிவிடும்.

இத்தனை எளிய பரிகாரம் இருந்தும் ஏன் தவறுகிறது? ஊசி தேவைப்படும் வேளை, அதை எவரும் நினையாத வேளையாக இருப்பதுதான் காரணம். முதல் ஊசிக்கு உரியது 28-ஆம் வாரம். அதாவது வளைகாப்புக்கு நாள் பார்க்கும் ஏழாம் மாதம். அடுத்த ஊசிக்கு உரியது, குழந்தை பாசிடிவ் என்று தெரிந்தால் பிரசவத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள். அதாவது வீட்டார் சர்க்கரை வழங்கிக் களித்திருக்கும் மூன்று நாட்கள். நலமாகப் பிறந்த குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இன்னும் கருவாகாத குழந்தைக்காக யார் கவலைப்படுவார்? கரு கலைந்த வீட்டிலோ நேர்மாறு. துக்கத்தாலோ கூச்சத்தாலோ செய்தியை மறைத்துவிடுகிறார்கள். கருச்சிதைவிலும், கரு குழாயில் தங்கி அறுவை செய்ய நேரும்போதும், கர்ப்பிணி விழுந்து வயிற்றில் அடிபட்டபோதும் இப்பாடம் தொடங்கிவிடக்கூடும். எனவே இவற்றில் எது நேர்ந்தாலும் உடனே வைத்தியரிடம் கூறி, ஊசி வேண்டுமா என்று கேட்டறிய வேண்டும்.

நம் வழக்கம் ஒன்றையும் கவனிப்போம். தலைப்பிரசவம் தாய்வீட்டில், இரண்டாவது புக்ககத்தில் அல்லது வேறோர் ஊரில். ஊர் மாற, வைத்தியரும் மாறுகிறார். முதற் பிரசவத்தின் காகிதங்கள் தாய்வீட்டுப் பெட்டியிலேயே தங்கிவிடுகின்றன. அவை பெண்ணோடு கூடவே செல்லவேண்டும். பகை முன்பே மூண்டுவிட்டதா என்பதை ஒரு ரத்தச் சோதனை சொல்லிவிடும். மூண்டபின் ஊசியால் பயனில்லை. ஆயினும் மனம் தளர வேண்டாம்: 1963-இல் நியூஜீலாந்தின் ஆக்லண்ட் நகரில் வில்லியம் லைலி என்னும் டாக்டர், கருவிலிருக்கும் சிசுவுக்கே ரத்தம் செலுத்தி வெற்றி கண்டார். அந்தச் சிகிச்சை இன்று நன்கு வளர்ந்திருக்கிறது. ஆனால் அது பெரிய ஆஸ்பத்திரியில், ஓயாத கண்காணிப்பில் நடக்கும் காரியம். உரிய காலத்தில் ஒரு ஊசி போதும் என்ற நிலையை எதற்காக நழுவவிடவேண்டும்?

இம்மருந்தின் மூலப்பொருளையும் அறிதல் நலம். எதிர்ப்பொருள் நிறைந்த மனித ரத்தத்தின் தெளிநீரிலிருந்து அதை எடுத்து வந்தனர். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிஸன் என்பவர், 14 வயதில் பெரிய அறுவை சிகிச்சைக்கு ஆளாகி, பிறர் அளித்த ரத்தத்தால் பிழைத்தார். 1954-இல் தாமும் கொடுக்கத் தொடங்கி, 81 வயதாகிய 2018 வரையில் 1,173 முறை கொடுத்தார். அவருடைய தானம் 24 லட்சம் குழந்தைகளைக் காத்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 2025-இல் அவர் காலமானார்.

பெண் நெகடிவ் என்று கேட்டதும் சம்பந்தத்தை முறித்துக்கொள்ளும் பேதைமை இனி வேண்டாம். தாயும் தந்தையும் நெகடிவானால் இந்த அபாயமே இல்லை. தந்தை பாசிடிவானால் ஊசி இருக்கிறது. குழந்தை பிறந்த நாழிகையையும் நட்சத்திரத்தையும் மறவாமல் குறித்து வைக்கும் நாம், அதே ஏட்டில் தாயின் ரத்தப் பிரிவையும், ஊசி போட்ட தேதியையும் எழுதி வைப்போமாக. அடுத்த பிரசவத்தின்போது வைத்தியர் முதலிற் கேட்கப்போவது அந்தத் தேதியைத்தான்.