எஞ்சினியரிங் கோட்டைக்குள் மானுடப் புலங்கள்

விஞ்ஞானத்துக்கென்றே கட்டப்பட்ட பல்கலைக்கழகத்தில் இலக்கியமோ வரலாறோ நிர்வாகவியலோ படிப்பது என்றால் என்ன? 'அங்க போயும் இதையா படிக்கிறே?' என்று ஊரில் கேட்பார்கள். அசட்டுக் கேள்வியல்ல. எந்த அறிவு சோறு, எது ஊறுகாய் என்கிற படிநிலை அதற்குள் இருக்கிறது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யை எடுத்துக்கொள்வோம் (நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. அல்ல). நிர்வாகவியலுக்கு அங்கே வாசலிலேயே வரவேற்பு. ஆலைக்கு மேலாளர் வேண்டும், 1914லேயே பாடம் வந்துவிட்டது. மானுடப் புலங்களுக்கென்று தனிப்பள்ளி அமைந்தது 1950இல்தான். இடையில் அணுகுண்டு வெடித்திருந்தது. தொழில்நுட்பம் மட்டும் போதாது என்று 1949இல் லூயிஸ் குழு அறிக்கை கொடுத்தது. குண்டு செய்கிறவனுக்குக் கொஞ்சம் மனசாட்சியும் ஊட்டிவிடலாம் என்ற ஏற்பாடாகத்தான் நான் இதை வாசிக்கிறேன்.

ஆனால் ஓரத்தில் கிடப்பதிலும் ஒரு வசதி உண்டு. 1955இல் சாம்ஸ்கி அங்கே சேர்ந்தது மின்னணு ஆய்வுக்கூடத்தில், எந்திர மொழிபெயர்ப்புத் திட்டத்தின் பேரில். கூடத்துக்குப் படியளந்தது ராணுவம். அந்தத் திட்டத்தில் தனக்கு அக்கறையில்லை என்று சொல்லிக்கொண்டே தன் இலக்கணத்தைப் பார்த்தார் மனுஷன். பழைய மொழியியல் பீடாதிபதிகள் கோலோச்சாத இடம், தடுக்க ஆளில்லை. 1957இல் புத்தகம், 1961இல் மொழியியலுக்கு முனைவர் படிப்பு. வியட்நாம் போருக்கு எதிரான அவர் குரலும் அதே வளாகத்திலிருந்துதான் எழுந்தது. முரண் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. அதிகாரம் தன் தேவைக்குக் கட்டிய கூடத்தில், தேவைக்கு மிஞ்சிய இடமும் உண்டாகிவிடுகிறது.

எம்.ஐ.டி. மாதிரியை இந்தியாவுக்குச் சிபாரிசு செய்தது 1945இல் அமைந்த சர்க்கார் குழு. சென்னை ஐ.ஐ.டி. 1959இல் வந்தது. மானுடப் புலம் என்றால் பொறியியல் மாணவன் கடந்துபோகிற சில தாள்கள் என்றே நெடுங்காலம் இருந்தது. 2006இல் வளர்ச்சி ஆய்வு, ஆங்கில ஆய்வு ஆகியவற்றில் ஐந்தாண்டு எம்.ஏ. தொடங்கினார்கள். பிளஸ் டூவில் எந்தக் குரூப் எடுத்தவரும் எழுதலாம் என்று தனி நுழைவுத்தேர்வு. பெரிய திறப்புதான், ஆனால் தேர்வு இங்கிலீஷில். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு அது வேறொரு வடிகட்டி. 2023இல் இந்தப் படிப்பும் நின்று, 'கேட்' மதிப்பெண் வழியே சேரும் இரண்டாண்டு எம்.ஏ. ஆனது. பள்ளி முடித்த கையோடு நுழைகிற வழி அடைபட்டது. தமிழ் எம்.ஏ.வோ அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

2015 மே மாதம் அந்த வளாகத்தின் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் ரத்தானது. ஒரு மொட்டைக் கடிதம் அமைச்சகம் வரை போய்த் திரும்பியதன் விளைவு. கிளர்ச்சிக்குப் பின் ஜூனில் அங்கீகாரம் திரும்பியது. சாதியைப் பாடமாக வைத்துப் பேசலாம், வளாகத்துக்குள் நின்று பேசினால் கசக்கிறது.

சேரப்போகிறவர்கள் ரேங்க் பட்டியலை விட்டுவிட்டு வேறு சிலதை விசாரிக்கட்டும். துறைக்குச் சொந்தப் பட்டம் உண்டா, பிற துறைகளுக்குத் தாள் நடத்திக் கொடுப்பதோடு சரியா? ஆய்வுக்கு வழிகாட்ட எத்தனை பேர்? பக்கத்துத் துறையின் கணிதமோ கணினியோ எடுத்துப் படிக்க விடுவார்களா? நூலகத்தில் புத்தகம் வாங்கும் பட்டியலைத் தீர்மானிப்பது யார்?